தோலோடு வந்து இறங்கும் உப்பு: பாலாற்றுப் படுகையில் மீட்பும் மறுபயன்பாடும்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் ஆலை, வாங்கும் சுண்ணாம்பு, சோடியம் சல்பைடு, குரோம், சாயம், எண்ணெய் எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. உள்ளே வரும் பொருள்களில் எடையால் முன்வரிசையில் நிற்கும் ஒன்றுக்கு மட்டும் ரசீது கிடையாது. பச்சைத் தோல் கெடாமலிருக்க வியாபாரி தூவிய சாதாரண உப்பு அது. தோலின் எடையோடு சேர்ந்து லாரியில் வந்து இறங்குகிறது, ஊறல் நீரில் கரைந்து வெளியேறுகிறது. அந்த உப்பை வாங்கியவர் ஒருவர், தூவியவர் இன்னொருவர், வெளியேற்றிவிட்டுப் பதில் சொல்ல வேண்டியவர் மூன்றாமவர்.

இந்த உப்பை மீட்பதற்கான தொழில்நுட்பங்கள் இருபது, முப்பது ஆண்டுகளாகப் பேசப்படுகின்றன. சில நடைமுறையிலும் இருக்கின்றன. அப்படியிருந்தும் மீட்ட உப்பு மறுபடியும் வேலைக்குத் திரும்பாமல் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகத் தேங்குவது ஏன்? இக்கட்டுரை ஆராய்வது அந்தக் கேள்வியை.

எவ்வளவு உப்பு, எங்கிருந்து

உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க இந்தியாவில் பரவலாக உள்ள வழி, தோலின் எடையில் 40 முதல் 50 விழுக்காடு வரை உப்பைத் தூவி அடுக்கி வைப்பதுதான். உப்பு தோலிலிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. மிஞ்சும் ஈரத்திலும் பாக்டீரியா வளர இடம் தருவதில்லை. எளிமையான, மலிவான, மின்சாரம் தேவைப்படாத முறை. உத்தரப் பிரதேசத்தின் ஒரு சிறு ஊரில் உரிக்கப்பட்ட தோல் பல நாள் பயணம் செய்து வேலூர் வட்டாரத்தை நல்ல நிலையில் அடைகிறது என்றால் அதற்கு உப்பே காரணம். சென்னைப் பெரியமேடு போன்ற தோல் மண்டிகளின் வணிகமும் இந்த உப்பை நம்பியே நடந்துவந்திருக்கிறது.

ஷாப்புக்குள் நுழைந்ததும் தோலுக்கு நடக்கும் முதல் வேலை ஊறவைத்தல். பயணத்தில் இழந்த ஈரத்தைத் தோல் திரும்பப் பெறவும், உப்பும் சாணமும் இரத்தமும் நீங்கவும் அது அவசியம். இந்த ஊறல் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 35,000 மில்லிகிராமைத் தாண்டுவது வழக்கம். ஏறத்தாழக் கடல்நீர், அல்லது அதைவிடக் கரிப்பு. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கும் வரம்பு 2,100 மில்லிகிராம். ஊறல் நீரில் 42,000 மில்லிகிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், அதில் ஒரு லிட்டரை வரம்புக்குள் கொண்டுவர உப்பே இல்லாத நீர் 19 லிட்டர் வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாற்றுக்கு அந்த நீரைத் தர வழியில்லை.

தோல் பதனிடும்போது வெளியேறும் குளோரைடில் பாதிக்கும் மேல் இந்த ஊறல் கட்டத்தில் வருகிறது. அடுத்த பெரும்பங்கு ‘பிக்கிள்’ என்று தொழிலில் சொல்லப்படும் அமிலக் குளியலில் சேர்கிறது. குரோம் ஏற்றுவதற்கு முன் தோலை அமிலத்தில் நனைக்க வேண்டும். உப்பில்லாமல் அமிலம் பட்டால் தோல் ஊதிக் கெட்டுவிடும். அதனால் அங்கே தோலின் எடையில் 8 முதல் 10 விழுக்காடு உப்பைப் புதிதாக வாங்கிப் போடுகிறார்கள். ஒரு கொட்டகையில் உப்பைக் கழுவி வெளியே அனுப்பிவிட்டு, அடுத்த கொட்டகையில் உப்பை விலைக்கு வாங்கிக் கொட்டும் இந்த அமைப்பை நினைவில் வைக்க வேண்டும். மறுபயன்பாட்டுக்கான வாசல் இங்கேதான் இருக்கிறது.

குரோமின் நிழலில்

தோல் கழிவு என்றதும் பொதுவெளியில் பேச்சு குரோமியத்தை நோக்கிப் போய்விடுகிறது. அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ஆனால் பாலாற்றுப் படுகையில் பரந்த நிலப்பரப்பைப் பயிருக்கு ஆகாமல் செய்ததில் உப்பின் பங்கு மிகப் பெரிது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வு முடிவைத் தீர்ப்பு பதிவுசெய்தது. அதன் தொடர்ச்சியாக அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம் 2001இல் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்கு 10,000 ரூபாய்கூட வராது. ஒரு குடும்பத்தின் கிணறு தலைமுறைக்கும் கரித்துப்போனதற்கு இந்தத் தொகை எந்த அளவுகோலாலும் ஈடாகாது.

உப்பு நிலத்தில் செய்யும் வேலை மெதுவானது. சோடியம் மிகுந்த நீர் பாய்ந்தால் களிமண்ணின் கட்டுமானம் குலைகிறது. ஈரமாக இருக்கையில் சேறாகவும், காய்ந்தபின் பாறைபோலவும் மண் மாறுகிறது. நீர் உள்ளே இறங்குவதில்லை. வேர் மூச்சுவிட முடிவதில்லை.

1990களில் எழுந்த முதல் தலைமுறைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இதற்கு மருந்தாகவில்லை. கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்தன. குரோமியத்தைக் காரம் சேர்த்து வீழ்படிவாக்கிப் பிரிக்க முடிந்தது. அந்தப் படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி பதனிடவும் பயன்படுத்தலாம். சாதாரண உப்போ நுண்ணுயிருக்கு உணவுமல்ல, மலிவான வேதிப்பொருள் எதற்கும் வீழ்படிவாவதுமில்லை. நிலையத்துக்குள் எப்படி நுழைந்ததோ அப்படியே வெளியேறியது. சுத்திகரிப்பு என்ற பெயரால் மக்களுக்குக் கிடைத்த நம்பிக்கைக்கும் கிணற்று நீரின் சுவைக்கும் பொருத்தமில்லாமல் போனது இதனால்தான்.

தட்டி எடுத்தல்: சான்றுகள் சொல்வது என்ன

உப்பை மீட்க மிகப் பழைய, மிக எளிய வழி தோல் நனைவதற்கு முன்பே அதைத் தட்டி உதறுவது. மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சட்டத்தின் மேல் தோலை வீசி அடித்தால் ஒட்டாத படிகங்கள் உதிர்கின்றன. துளையிட்ட டிரம்மில் போட்டுச் சுழற்றுவது இயந்திர வழி. ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பு சென்னையைத் தளமாகக்கொண்டு 1990களில் நடத்திய மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இவ்விரண்டு முறைகளும் செய்துகாட்டப்பட்டன. சென்னை அடையாறில் 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் தட்டி எடுப்பதைத் தொடர்ந்து வலியுறுத்தி வந்திருக்கிறது.

இதனால் எவ்வளவு உப்பு கிடைக்கும்? இங்கேதான் கருத்துகள் பிரிகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தொழில்நுட்ப வழிகாட்டி, தோலில் உள்ள உப்பில் 6 முதல் 8 விழுக்காடுதான் உதறலில் நீங்கும் என்கிறது. ஆலையின் மொத்த உப்பு வெளியேற்றத்தில் அது 5 விழுக்காடு அளவே. இதை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்குத் தட்டுவது வீண் உழைப்பாகத் தெரியும்.

ஆனால் அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்துவது சரியல்ல. எவ்வளவு உதிரும் என்பது எவ்வளவு தூவப்பட்டது, எந்தப் பருமனில் தூவப்பட்டது என்பதைப் பொறுத்தது. தேவைக்கு ஏற்ப ஒரே முறை உப்பிட்ட தோலில் பெரும்பகுதி கரைந்து உள்ளே போய்விடுகிறது. மேலே மிஞ்சுவது குறைவு. பல கை மாறிவரும் தோலுக்கு வழியில் மறுபடியும் உப்பிடுகிறார்கள். எடை போட்டு விற்கும் இடத்தில், தோலின் விலையில் உப்பையும் விற்க முடிகிறது என்பதால் கூடுதலாகத் தூவும் ஆசையும் சேர்ந்துகொள்கிறது. அப்படி வந்த தோலில் கரையாத உப்பு அதிகம் இருப்பது இயல்பு.

எண்ணைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. ஒரு டன் உப்பிட்ட தோலில் 200 கிலோ உப்பு இருப்பதாகவும், ஐரோப்பிய வழிகாட்டியின் குறைந்த மதிப்பீடே உண்மை என்றும் கொள்வோம். உதறலில் கிடைப்பது 12 முதல் 16 கிலோ. அதே தோலின் பிக்கிள் குளியலுக்கு வேண்டிய உப்பு ஏறத்தாழ 80 கிலோ. தட்டிய உப்பு இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கிடைத்தாலும் அந்த ஷாப்பே முழுவதையும் உட்கொண்டுவிடும். தட்டிய உப்புக்கு வாங்குபவர் இல்லை என்று அடிக்கடி கேட்கும் வாதம் இந்தக் கணக்கின் முன் நிற்காது. வாங்குபவரைத் தேடி ஆலைக்கு வெளியே போகவே வேண்டியதில்லை.

இதற்கான முறையும் சிக்கலானதல்ல. தட்டிய உப்பை நீரில் கரைத்து, படிகாரம் போன்ற ஒன்றைச் சேர்த்து அழுக்கைக் கீழே படியவிட்டு, தெளிந்த கரைசலை வடிகட்டி, அடர்த்தி பார்த்துப் பிக்கிளில் ஊற்றலாம். பிக்கிளுக்கு வேண்டியதே உப்புக் கரைசல் என்பதால் மறுபடி காய்ச்சிப் படிகமாக்கும் எரிபொருள் செலவு இல்லை.

தோலைப் பதப்படுத்தவே இதை மறுபடி தூவலாமா என்றால், அங்கே ஆபத்து உண்டு. உப்பை விரும்பி வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. உப்பிட்ட தோலின் சதைப்புறத்தில் அவை செம்படலமாகப் படர்வதைத் தொழிலில் ‘ரெட் ஹீட்’ என்பார்கள். ஒருமுறை பயன்பட்ட உப்பு இந்த உயிரிகளின் குடியிருப்பு. சில நூறு டிகிரி வெப்பத்தில் சுட்டால் கரிமப் பொருளும் உயிரிகளும் அழியும். ஆனால் கிலோ சில ரூபாய்க்குப் புது உப்பு கிடைக்கும்போது விறகு செலவழித்துப் பழைய உப்பைச் சுட வியாபாரி முன்வரமாட்டார். மறுபயன்பாட்டைப் பிக்கிளில் நிறுத்திக்கொள்வதே இப்போதைக்கு அறிவுடைய வழி.

இவ்வளவு எளிதென்றால் எல்லா ஷாப்புகளிலும் இது நடக்க வேண்டுமே. நடக்காததற்கு ஒரு காரணம் தொழிலின் பிளவு. பச்சைத் தோலை, குரோம் ஏற்றிய ஈரத் தோலான ‘வெட் புளூ’ வரை கொண்டுவருபவர் ஒருவர். அதை வாங்கி முடித்த தோலாக்குபவர் வேறொருவர். பிந்தையவரிடம் தட்ட உப்பும் இல்லை, பிக்கிளும் இல்லை. ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிடும் மரபு வழிக்கும் குரோம் வழிக்குரிய பிக்கிள் தேவைப்படுவதில்லை. இன்னொரு காரணம் உழைப்பு. உப்புத் தூசியும் காய்ந்த சாணமும் பறக்கும் இடத்தில் நாள் முழுவதும் தோலை வீசி அடிப்பது கடுமையான வேலை. கையுறையோ முகக்கவசமோ இல்லாமல் அதைச் செய்பவரின் தோலும் கண்ணும் நுரையீரலும் என்னாகும் என்பதை மீட்பின் செலவுக் கணக்கில் எழுதியாக வேண்டும். டிரம் முறையை எல்லா ஷாப்புகளுக்கும் கொண்டுபோக இந்த ஒரு காரணமே போதும்.

வெயிலும் சவ்வும்

தட்டலில் தப்பிய உப்பு கரைந்துவிட்டால் அடுத்த வாய்ப்பு ஊறல் நீரைத் தனியே பிரித்து வெயிலில் காயவைப்பது. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று கொண்டால், தினம் 1,000 லிட்டர் ஊறல் நீருக்கு 200 சதுர மீட்டர் தொட்டி வேண்டும். மழைக்காலத்தில் தொட்டி நிரம்பும். கடைசியில் கிடைப்பது நாற்றமடிக்கும் பழுப்பு உப்பு. நிலம் விலைபோகும் ஊர்களில் இது நெடுநாள் தீர்வாக இருக்க முடியாது.

அதனால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ‘கழிவுநீர் வெளியேற்றமே இல்லை’ என்ற ஏற்பாட்டுக்கு மாறின. எதிர்ச் சவ்வூடு பரவல் வழியாக நல்ல நீரைப் பிரித்து ஷாப்புகளுக்கே திருப்பித் தருவது, எஞ்சும் செறிந்த கரைசலைப் பல அடுக்கு ஆவியாக்கிகளில் காய்ச்சுவது என்பது அதன் சாரம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரங்களில் பொதுப்பணத்தின் உதவியோடு இத்தகைய கட்டமைப்புகள் எழுந்தன. நீரைப் பொறுத்தவரை இது பெரிய முன்னேற்றம், மறுக்க முடியாது.

உப்பைப் பொறுத்தவரை கணக்கு வேறு. லிட்டருக்கு 40 கிராம் உப்புள்ள 1,000 லிட்டர் நீரில் இருப்பது 40 கிலோ உப்பு. அந்த நீரை ஒரே அடுக்கில் ஆவியாக்க ஏறத்தாழ 630 யூனிட் வெப்பம் செலவாகும். பல அடுக்கு அமைப்பு இதை மூன்றிலொன்றாகவோ அதற்கும் கீழோ குறைக்கலாம். சவ்வில் முன்கூட்டியே செறிவாக்கினால் இன்னும் குறையும். எப்படிக் குறைத்தாலும் கிடைக்கும் 40 கிலோ உப்பின் சந்தை விலை அந்த எரிபொருளின் விலையைத் தொடாது. தட்டி எடுக்க ஒரு டிரம்மும் ஒரு மோட்டாரும் போதுமாக இருந்த அதே உப்பு, கரைந்தபின் கொதிகலன் கேட்கிறது.

கலப்பு உப்பு என்னும் முட்டுச்சந்து

ஆவியாக்கியின் அடியில் கிடைப்பதை உப்பு என்று சொல்வதே பாதி உண்மைதான். அதில் சோடியம் குளோரைடு உண்டு. பிக்கிளின் கந்தக அமிலத்திலிருந்தும் குரோம் சல்பேட்டிலிருந்தும் சுண்ணாம்பு நீக்கும் அம்மோனியம் சல்பேட்டிலிருந்தும் வந்த சல்பேட்டு உண்டு. கால்சியம், மக்னீசியம், சிலிக்கா, அம்மோனிய உப்புகள், நுண்ணுயிர்கள் விட்டுவைத்த கரிமப் பொருள்கள் எல்லாம் கலந்திருக்கும். சமையலுக்கும் ஆகாது, பிக்கிளுக்கும் ஆகாது. ஆவியாக்கலில் மிஞ்சும் செறிந்த கசடுகளை 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் தம் பட்டியலில் வைத்திருக்கின்றன. நிலத்தில் புதைப்பதும் தீர்வாகாது. நீர் பட்டால் கரைந்து ஓடும் பொருளைக் குழிக்குள் என்றென்றும் காய்ந்தபடி வைத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே மூட்டைகள் கொட்டகையில் நிற்கின்றன.

இந்த இடத்தில் திருப்பூரை ஒப்பிடுவது பொருத்தம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பின், அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உப்பை மீட்பதில் குறிப்பிடத்தக்க வெற்றி கண்டன. சோடியம் சல்பேட்டின் கரைதிறன் குளிரக் குளிரச் சரேலென்று விழும். 100 கிராம் நீரில் 32 டிகிரியில் ஏறத்தாழ 50 கிராம் கரைவது, 0 டிகிரியில் 5 கிராமளவே கரைகிறது. சோடியம் குளோரைடோ சூடானாலும் குளிர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் கரையும். எனவே செறிந்த கரைசலைக் குளிர்வித்தால் சல்பேட்டு மட்டும் படிகமாகி இறங்குகிறது. அது சாயமேற்றும் வேலைக்கே திரும்பிப் போகிறது.

இதையே வேலூர் வட்டாரத்திலும் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் இரண்டு வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். சாயப்பட்டறை தானே தெரிந்து வாங்கிப் போட்ட உப்பைத் திரும்ப எடுக்கிறது. போட்டது என்னவென்று அதற்குத் தெரியும். தோல் ஷாப்பின் நீரில் புரதமும் கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்கின்றன. பல ஷாப்புகளின் நீர் ஒரே குழாயில் கலக்கும்போது சேர்க்கை நாளுக்கு நாள் மாறும். ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்திச் சோடியம் குளோரைடை மட்டும் வீழ்படிவாக்கும் முறையைத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஆய்ந்திருக்கிறார்கள். வேதியியலாகப் பார்த்தால் அழகான வழி. ஆனால் அரிக்கும் வாயுவைக் கையாளும் ஒரு முழு ஆலையைக் கழிவு உப்புக்காக நடத்த வேண்டும் என்றால், செலவையும் பாதுகாப்பையும் பார்த்துத் தயங்குவது நியாயமே. அதற்காகக் கழிவைத் தேக்கியே வைத்திருக்கவும் முடியாது. ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி இறுதியில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள். கழிவைத் தேக்கிவைப்பதும் உயிர்ப்பலி கேட்கும் என்பதை இந்த வட்டாரம் அனுபவத்தில் அறிந்திருக்கிறது.

திருப்பூரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது குளிர்விக்கும் இயந்திரத்தைவிட, நீரோடைகளைப் பிரித்து வைக்கும் ஒழுங்கை. ஊறல் நீர் ஒரு குழாயிலும், பிக்கிள் நீர் இன்னொரு குழாயிலும், சல்பேட்டு மிகுந்த குரோம் நீர் வேறொன்றிலும் கடைசிவரை போனால் ஒவ்வொன்றிலும் கிடைப்பது ஏறத்தாழ ஒற்றை உப்பாக இருக்கும். பிக்கிள் நீரைக் கலக்கவிடாமல் வைத்தால் அமிலமும் உப்பும் சரிபார்த்து அடுத்த தோலுக்கு நேரடியாகவே ஊற்றலாம். கலந்தபின் பிரிப்பதற்குக் கோடிக்கணக்கில் செலவிடுவதைவிடக் கலக்காமல் இருக்கக் குழாய் போடுவது மலிவு.

உப்பைத் தூவாமலே இருக்க முடியுமா

குளிர்பதனம் மாற்றாகப் பேசப்படுகிறது. உரித்தவுடன் தோலை 2 டிகிரி அளவுக்குக் குளிரவைத்தால் மூன்று வாரம்வரை உப்பில்லாமல் காக்கலாம். ஐரோப்பாவில் பெரிய இறைச்சிக் கூடமும் தோல் ஆலையும் அருகருகே இருக்கும் இடங்களில் இது நடக்கிறது. இந்தியாவில் தோல், எண்ணற்ற சிறு கூடங்களிலிருந்தும் இறைச்சிக் கடைகளிலிருந்தும் ஒன்றிரண்டாகச் சேர்கிறது. அங்கே குளிர்சாதனச் சங்கிலி அமைப்பது தொலைவான கனவு. உப்பைக் குறைத்து போரிக் அமிலம் போன்றவற்றைச் சேர்க்கும் கலவைகளும் ஆய்வில் பலன் தந்திருக்கின்றன. ஆனால் தூவுகிறவருக்கு அதில் என்ன லாபம்? கழிவுநீர் அவர் ஊரில் ஓடவில்லை. அவருடைய உப்பால் கெட்ட கிணறு 2,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

ஏட்டில் ஏற வேண்டிய எடை

மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற 1996ஆம் ஆண்டுக் கோட்பாடு இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் மட்டும் விழுந்திருக்கிறது. ஷாப்புகளைக் குற்றத்திலிருந்து விடுவிக்க இதைச் சொல்லவில்லை. நீரை ஆற்றில் விட்டவர்கள் அவர்களே. ஆனால் உப்பு எங்கே நுழைகிறதோ அங்கே விலை வைக்காதவரை, கடைசிக் குழாயில் எத்தனை ஆவியாக்கி வைத்தாலும் மூட்டைகள் பெருகத்தான் செய்யும்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு குறித்துத் தீர்ப்பளித்து, இழப்பீட்டையும் ஆற்றை மீட்பதையும் கண்காணிக்கக் குழு அமைக்கச் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட குழு கேட்கக்கூடிய ஓர் எளிய ஏடு உண்டு. தோல் வந்து இறங்கும்போது ஒரு எடை, தட்டியபின் ஒரு எடை, தட்டிய உப்பு எத்தனை கிலோ, அதில் பிக்கிளுக்குப் போனது எவ்வளவு, பிக்கிளுக்குப் புதிதாக வாங்கியது எவ்வளவு. ஒவ்வொரு ஷாப்பும் நாள்தோறும் இந்த ஐந்து எண்களை எழுதி வாரியத்திடம் தர வேண்டும். தட்டியபின் உள்ள எடைக்குத்தான் தோலுக்கு விலை என்ற நடைமுறையைத் தோல் வாங்குவோர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து கொண்டுவந்தால், கூடுதலாகத் தூவும் வியாபாரிக்கு அன்றே நட்டம் தெரியும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். ஒரு எடைமேடை, ஒரு டிரம், ஒரு கரைசல் தொட்டி போதும். கொட்டகைகளில் ஏற்கெனவே தேங்கியிருக்கும் கலப்பு உப்பு இதனால் தீராது. அதைப் பிரிக்கும் செலவு, கட்டமைப்புக்குப் பணம் தந்த அரசுக்கும் அதில் பயன்பெற்ற ஏற்றுமதியாளர்களுக்கும் உரியது.